எஸ்டபிள்யூஆர் எல்லா பேண்டிலும் 1.5, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை: அகலப்பட்டைக் கம்பி ஆன்டெனாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய தம்பி ஒருவர் தன் ஆன்டெனா அனலைசர் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 3 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 30 வரை, எஸ்டபிள்யூஆர் கோடு (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு பவர் திரும்புகிறது என்பதன் அளவு; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) தரையோடு தரையாகக் கிடந்தது. "அண்ணா, எங்கேயும் 2-ஐத் தாண்டலை. டியூனரே வேண்டாம்!" என்று கீழே ஒரு வரி. (டியூனர் என்பது ரேடியோவையும் ஆன்டெனாவையும் பொருத்திக் கொடுக்கும் பெட்டி.) அந்தக் கோட்டை நான் பல வருடங்களுக்கு முன்பே வரைபடத் தாளில் கையால் வரைந்து, ரேடியோ மேசைக்கு மேலே ஒட்டி வைத்து ரசித்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இணைப்பியைச் சரியாகச் சாலிடர் செய்யுங்கள், மழைத் தண்ணீர் கோஆக்ஸ் கேபிளுக்குள் போகாமல் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடலாம்.

எஸ்டபிள்யூஆர் கோட்டைப் பார்த்து ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு இதுதான். கிட்டத்தட்ட ஒன்றரை வருடத்தை இதில் தொலைத்தேன்.

நான் கட்டியது டி2எஃப்டி என்ற அகலப்பட்டை ஆன்டெனா. இரண்டு இணைக் கம்பிகள், கீழ்க் கம்பியின் நடுவில் 9:1 பேலன் (மின்தடையை ஒன்பதில் ஒன்றாகக் குறைத்துக் கோஆக்ஸோடு பொருத்தும் மின்மாற்றி), மேல் கம்பியின் நடுவில் 500 ஓம் ரெசிஸ்டர். இந்த வகை ஆன்டெனாவின் மொத்த நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 100-ஐ மிகக் குறைந்த அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் வரும். 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 28.5 மீட்டர். என்னிடம் இருந்த இடம் 15 மீட்டர். சரி, போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். எஸ்டபிள்யூஆர் மீட்டர் 80 மீட்டர் பேண்டிலும் (3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 1.5 காட்டியது. இடம் பாதிதான், எஸ்டபிள்யூஆரில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

80 மீட்டரில் மாதக்கணக்கில் கூப்பிட்டேன். பக்கத்து நிலையங்கள் மரியாதைக்குப் பதில் சொன்னார்கள், தூரத்தில் இருந்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பருவம் சரியில்லை, அயனமண்டலம் சரியில்லை, அவர்களுடைய பக்கம் இரைச்சல் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பராமரிப்புக்காக அதைக் கீழே இறக்கியபோது, பேலன் வேலை செய்கிறதா என்று பார்க்க, கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு ரெசிஸ்டரை நேராகப் பேலனில் மாட்டி அளந்தேன். கோடு முன்னைவிட நேராக இருந்தது. ஆன்டெனாவை எடுத்துவிட்ட பிறகு எஸ்டபிள்யூஆர் இன்னும் நன்றாகிவிட்டது!

500-ஐ 9-ஆல் வகுத்தால் 55 ஓம் சொச்சம், கோஆக்ஸின் 50 ஓமுக்கு எஸ்டபிள்யூஆர் 1.1 வரத்தான் செய்யும். இத்தனை நாளும் மரத்தின் உச்சியில் நான் கட்டி வைத்திருந்தது ஒரு டம்மி லோடு, அதாவது பவரை வெளியே விடாமல் சூடாக்கும் ரெசிஸ்டர். அதிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கம்பி தொங்கியது, அவ்வளவுதான்.

எஸ்டபிள்யூஆர் சொல்வது ஒன்றே ஒன்று: அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வந்தது என்பது. திரும்பி வராதது வானத்துக்குப் போனதா, ரெசிஸ்டரில் சூடானதா, கோஆக்ஸில் கரைந்ததா என்று அதற்குத் தெரியாது. டி2எஃப்டி போதிய நீளத்தில் இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு ரெசிஸ்டருக்குப் போவது சாதாரணம். நீளம் பாதியாகிக் கீழ் அதிர்வெண்ணுக்கு இறங்கினால் பெரும்பங்கு அங்கேதான் போகும். பிறகு ஒரு சாதாரண டைபோலை (நடுவில் கேபிள் மாட்டிய அரை அலைக் கம்பி) பக்கத்தில் தொங்கவிட்டு மாற்றி மாற்றிப் பார்த்ததில், 80 மீட்டரில் 10 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் வந்தது. அதாவது 100 வாட் போட்டு 10 வாட்காரனாக உட்கார்ந்திருந்தேன்.

கோஆக்ஸும் இதே வேலையைச் செய்யும். ஒரு வழி இழப்பு 3 டெசிபல் உள்ள கேபிளின் மறுமுனையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த முனையில் எஸ்டபிள்யூஆர் 3-தான் காட்டும். இழப்பு 6 டெசிபல் என்றால் 1.7. நீளமான, மெல்லிய, பழைய ஆர்ஜி-58 கோஆக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு முறை ஆன்டெனா முனையைக் கழற்றிவிட்டு 28 மெகாஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். டிரான்ஸ்மிட்டரால் அல்ல, அனலைசரால்.

இன்னொரு ஏமாற்றும் இதில் உண்டு. ரெசிஸ்டர் ஆன்டெனாவில் ரிசீவர் அமைதியாக இருக்கும். "என்ன சுத்தமாகக் கேட்கிறது" என்று மனம் குளிரும். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்குக் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. ஆன்டெனா 10 டெசிபல் இழந்தால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். கேட்பதில் நட்டமில்லை, அதனால் நமக்கு உறைப்பதில்லை. அனுப்பும்போது மட்டும்தான் அடி விழும், அதுவும் எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

டி2எஃப்டி மோசமான ஆன்டெனா என்று சொல்ல வரவில்லை. நொடிக்கொரு அதிர்வெண்ணுக்குத் தாவ வேண்டிய ராணுவ நிலையத்துக்கும், போதிய இடமும் பெரிய டிரான்ஸ்மிட்டரும் உள்ளவர்களுக்கும் அது சரியான விடை. ஆனால் நம் கேள்வி வேறு. 7.3-க்கும் 10.1-க்கும் நடுவே நமக்கு அனுப்ப அனுமதியே இல்லாத வெளியில் எஸ்டபிள்யூஆர் 1.5 இருந்து என்ன பயன்? நாம் போகவே முடியாத ஊர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த கதை.

ஒரே பேண்டுக்குள் அகலம் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. 20 மீட்டர் பேண்டின் அகலம் நடு அதிர்வெண்ணில் 2.5 விழுக்காடுதான், சாதாரணக் கம்பியே போதும். 3.5 முதல் 4.0 வரை என்றால் 13 விழுக்காடு; அங்கே ஒற்றைக் கம்பி திணறும். நாலைந்து கம்பிகளை வளையங்களில் கூண்டு மாதிரி கட்டினால் ஆன்டெனா தடிமனாகி அகலம் கூடும். பவரில் கைவைக்காது. கட்டத்தான் முதுகு ஒடியும்.

9:1 போட்டால் எந்த நீளமும் ஓடும் என்று நம்புவது

ஓடாது. ஒரு முனையில் 9:1 வழியாக ஊட்டும் ஒற்றைக் கம்பி எந்த பேண்டிலும் அரை அலையாகவோ அதன் மடங்காகவோ அமையக் கூடாது. 20 மீட்டர் கம்பி 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலை. அங்கே மின்தடை ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும், 9-ஆல் வகுத்தும் ஒன்றும் ஆகாது. 12.5 மீட்டர், 21.6 மீட்டர் மாதிரியான நீளங்களைப் பலர் பயன்படுத்துவது அதனால்தான்.

அப்புறம் மறு பாதி எங்கே என்று கேளுங்கள். எதிர்க்கம்பி போடாவிட்டால் கோஆக்ஸின் வெளி உறையே எதிர்க்கம்பி ஆகிவிடும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று கடிப்பதும், வீட்டிலுள்ள பவர் சப்ளைகளின் இரைச்சல் எல்லாம் ரிசீவருக்குள் வருவதும் அதனால்தான். எதிர்க்கம்பி போட்டு, பேலனுக்குக் கீழேயே 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள்.

"ஜி5ஆர்விக்கு டியூனர் வேண்டாம்"

ஜி5ஆர்வி பல பேண்டுகளுக்குப் பயன்படும் ஒரு கம்பி ஆன்டெனா. 1946-இல் அதை வடிவமைத்த லூயிஸ் வார்னியே அப்படிச் சொல்லவில்லை. 31.1 மீட்டர் என்ற அளவு 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலைகளாக அமைவதற்காகப் போடப்பட்டது. மற்ற பேண்டுகளுக்கு டியூனர் வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கில் ஊட்டிவிட்டு 15 மீட்டரை எதிர்பார்ப்பது

40 மீட்டர் பேண்டுக்கான விண்டம் (நடுவை விட்டு, மூன்றில் ஒரு பங்கில் ஊட்டும் கம்பி) 21 மெகாஹெர்ட்ஸில், அதாவது 15 மீட்டர் பேண்டில், மூன்று அரை அலை. மூன்றில் ஒரு பங்கில் மின்னோட்டம் பூஜ்யம். சரியாக அங்கேதான் கேபிளை மாட்டியிருக்கிறீர்கள்.

49:1 பெட்டியைப் பேச்சுக்குச் சோதித்துவிட்டு எஃப்டி8-இல் ஓட்டுவது

49:1 பெட்டி என்பது ஃபெரைட் வளையத்தில் சுற்றிய மின்மாற்றி. பேச்சில் பவர் ஏறி இறங்கும், ஃபெரைட்டுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எஃப்டி8 என்ற கணினிவழி டிஜிட்டல் முறையில் 15 விநாடிச் சுற்றில் 12.6 விநாடி முழுப் பவர். வளையம் சூடாக ஆக எஸ்டபிள்யூஆர் மெல்ல நகர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "100 வாட்" என்று பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் பேச்சுக்குத்தான்.

ரெசிஸ்டர்

டி2எஃப்டி-க்குக் கம்பி சுற்றிய வகை கூடாது. அது காயில், அதாவது கம்பிச் சுருள்.

எஃப்டி8-இல் தூர தேசம் கிடைத்ததைச் சான்றாகக் காட்டுவது

இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே இருக்கும் சிக்னலையும் அது தோண்டி எடுத்துவிடும். உங்கள் ஆன்டெனாவின் இழப்பை அந்த மென்பொருள் மூடி மறைக்கிறது.

ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒரே ஆன்டெனாவோடு வாழ்வது

ஒரு பேண்டுக்காவது சாதாரண டைபோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வந்துவிடும், 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம். இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாரம் டபிள்யூஎஸ்பிஆரில் (உங்கள் சிக்னலை எந்த நிலையம் எவ்வளவு பலமாகக் கேட்டது என்று பதிவாகும் முறை) விட்டுவிட்டு, ஒரே நிலையங்கள் கொடுத்த அளவுகளை ஒப்பிட்டால் உங்கள் ஆன்டெனாவின் ஜாதகம் தெரிந்துவிடும். ஒரே ஒரு சுற்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், மங்கி எழும் சிக்னலில் அது எதையும் சொல்லும்.

அந்தத் தம்பியையும் இதைத்தான் செய்யச் சொன்னேன். பத்து நாள் கழித்து வேறொரு படம் வந்தது. மூன்று பேண்டுகளுக்கு விசிறி டைபோல், ஒரே கேபிளில் மாட்டிய மூன்று டைபோல். கோட்டில் மூன்று பள்ளங்கள், மற்ற இடமெல்லாம் மலை. ஒப்பிட்டதில் 40 மீட்டரில் 7 டெசிபல் கூடுதலாம். கீழே எழுதியிருந்தார்: "ஆனாலும் அந்தக் கோடு அழகா இருந்துச்சு அண்ணா."