கற்பனை உலகின் வரலாற்றை ஓர் ஆண்டில் நிறுத்துங்கள்

பலர் கூடி, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி ஆடும் பாத்திர விளையாட்டின் கற்பனை உலகில் வரலாறு ஆளுக்கொரு விதமாக வளர்ந்து முரண்படாமலிருக்க, அதிகாரபூர்வக் காலவரிசையை ஓர் ஆண்டோடு நிறுத்திவிடுவது எளிய வழி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக 2004-இல் வெளிவந்த எபரான் உலகில் கதை தொடங்குவது அவ்வுலக நாட்காட்டியின் 998-ஆம் ஆண்டில். பின்னர் வந்த விளையாட்டு நூல்களும் அங்கேயே நிற்கின்றன என்பதோடு, அவ்வுலகின் சயர் நாட்டை அழித்த பேரழிவின் காரணத்தையும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டு, அதை ஒவ்வொரு குழுவின் தீர்மானத்துக்கும் ஒப்படைத்திருக்கின்றன. நீங்களும் தொடக்க ஆண்டுக்கு முந்தையதை மட்டும் பொது ஏட்டில் எழுதுங்கள். பிந்தையதை, எந்தக் குழுவின் எந்த அமர்வில் நடந்தது என்ற குறிப்புடன் தனியே வையுங்கள். ஆட்டத்தில் எவரும் இன்னும் கேட்டறியாத செய்தி, கதையை வழிநடத்தும் ஆட்ட நடத்துநரின் குறிப்பேட்டில் பத்துப் பக்கம் நிறைந்திருந்தாலும், வரலாறு ஆகாது (இதை ஒப்புக்கொள்ள நடத்துநர்களுக்கு எளிதில் மனம் வராது). இரு பதிவுகள் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல், பகை நாட்டு வரலாற்றாசிரியர்கள் இருவரின் கூற்றுகளாக அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.