பாதியில் நின்ற புத்தகங்கள்: வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வீட்டு அலமாரிகளில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களாக நிற்கிறது. முதல் பாகத்தின் முதுகில் மடிப்பு விழுந்து அட்டை நைந்திருக்கும். மூன்றாம் பாகம் பரவாயில்லை. ஐந்தாம் பாகத்தைத் திறந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 2022-இல் படம் வந்த கையோடு வாங்கிய பிரதிகளில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். கேட்டால், "தடிப் புத்தகமெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்பார்கள். இப்படி முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. ஒரு நாவலைப் பாதியில் விடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஏன் விட்டோம் என்று பார்க்காமல் பழியை நம் தலையிலோ எழுதியவர் தலையிலோ கட்டிவிடுகிறோம், அங்கேதான் கோளாறு.

கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். மணியத்தின் ஓவியத்தோடு வந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, வாசகர்கள் அடுத்த இதழுக்காக ஏழு நாள் காத்திருந்தார்கள். அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு திடுக்கிடல், முன்பு நடந்ததைப் பாத்திரங்கள் இன்னொரு முறை பேசிக்கொள்வது, ஆசிரியரே குறுக்கே வந்து பழைய சம்பவத்தை நினைவூட்டுவது எல்லாம் அந்த ஏழு நாள் இடைவெளிக்காகச் செய்தவை. விடுமுறை நாளில் ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படிப்பவருக்கு அதே உத்திகள் மூன்றாம் பாகத்துக்குள் சலித்துப்போகும். சலிப்பது இயற்கை. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் திடுக்கிடல்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். சுதேசமித்திரன் இதழில் தொடராக வந்த தி. ஜானகிராமனின் மோகமுள்ளுக்கும் இந்த நிதானம் நல்லது.

இதோடு ஒட்டிய ஒரு சில்லறைத் தவறும் உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகச் சேர்த்து, பொடி எழுத்தில், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும் தாளில் போட்ட பதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கும், ஒற்றுப்பிழை கண்ணை உறுத்தும். கண்ணும் கையும் விட்ட புத்தகத்துக்கு ரசனையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. புத்தகக் காட்சியில் வாங்கும்போது அட்டையைப் பார்ப்பதைவிட நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நாலு பத்தி படித்துப் பார்ப்பது மேல்.

அடுத்தது, பெயர்பெற்ற எழுத்தாளரை அவருடைய ஆகப் பெரிய நூலில் தொடங்குவது. யாரோ பட்டியல் போட்டிருப்பார்கள், அதில் ஜெயமோகனின் விஷ்ணுபுரம் இருக்கும். 1997-இல் வெளிவந்த அந்த நாவலில் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகள். முதல் பகுதியில் வரிசையாக வந்து சேரும் பாத்திரங்களிலேயே பலர் திணறுவார்கள். அதைத் தாண்டியவர்கள் இரண்டாம் பகுதியின் தத்துவ விவாதங்களில் நின்றுவிடுவார்கள். அவருடைய அறம் தொகுப்பில் இரண்டு மூன்று கதைகளைப் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த நடை கொஞ்சமாவது பழகியிருக்கும். அசோகமித்திரனுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லும் தண்ணீர் நாவலை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரிசை சொல்வதில்லை. முப்பது வருடம் படித்தவர் கடைசியாக வந்து சேர்ந்த இடத்தைப் புதியவர் தொடக்கமாக எடுத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

சிறுகதைத் தொகுப்புகளில் நடப்பது இதைவிட மோசம். "முழுத் தொகுப்பு" என்று அட்டையில் இருந்தால் போதும், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள் காலவரிசையில் அமைந்தது. ஆய்வுக்கு அது மிகச் சரியான முறை. ஆனால் செல்லம்மாள், கயிற்றரவு போன்ற கதைகள் புதுமைப்பித்தனின் பிற்காலத்தவை. வரிசைப்படி போனால் அவற்றைத் தொடுவதற்குள் பாதிப் பேர் களைத்துவிடுவார்கள். பொன்னகரம் தொடக்க காலக் கதைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் நடுவில் எங்காவது திறந்து ஒரு நாளைக்கு ஒரு கதை படிப்பது நல்லது. மௌனி மொத்தமே இருபத்து நான்கு கதைகள்தான் எழுதினார். அவற்றை ஒரே நாளில் படித்து முடித்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று சொல்பவரோடு எனக்கு வாதாடத் தோன்றுவதில்லை. ஒரு மாதம் கழித்து ஒன்றே ஒன்றைப் படித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வட்டார வழக்கைக் கண்ணால் மட்டும் படிப்பதும் பல புத்தகங்களைக் கவிழ்க்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தவர். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய கோபல்ல கிராமம் நாவலைச் சொல் சொல்லாக அவிழ்ப்பவர் இருபதாம் பக்கத்தைத் தாண்டமாட்டார். வாய்விட்டுப் படித்தால் தெரியாத சொல்லில் பாதி, பேச்சின் ஓட்டத்திலேயே விளங்கிவிடும். மீதியை விட்டுவிடலாம், கதை ஒன்றும் கெட்டுவிடாது. பூமணியின் வெக்கைக்கும் இதே வழிதான். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியில் சிக்கல் வேறு மாதிரி. கதை இந்தோனேசியாவின் மேடானிலும் மலேயாவின் பினாங்கிலும் நடந்துகொண்டிருக்கும்போதே நாயகன் பாண்டியனின் நினைவு மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் தாவிவிடும், அறிவிப்பே இருக்காது. இடம் மாறிய கணத்தைத் தவறவிட்டவர் நாலு பக்கம் குழம்பிப் புத்தகத்தை மூடிவிடுவார். அந்த நாலு பக்கத்தைத் திருப்பிப் படிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ரஷ்ய நாவல்களை விட்டவர்கள் பெரும்பாலும் பெயர்களைத்தான் காரணம் காட்டுகிறார்கள். குற்றமும் தண்டனையும் நாவலில் ரஸ்கோல்னிகோவ் ஒரு பக்கத்தில் ரோடியோன் ரோமானோவிச் ஆகிறான், அம்மாவுக்கு ரோத்யா ஆகிறான். தங்கை துனியாவே அவ்தோத்யா ரோமானோவ்னாவும். நடுப்பெயர் தகப்பன் பெயரிலிருந்து வருவது. தகப்பன் பெயர் ரோமான், எனவே மகன் ரோமானோவிச், மகள் ரோமானோவ்னா. தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகச் சுமக்கும் நமக்கு இது இவ்வளவு அந்நியமாகத் தெரிவது வேடிக்கைதான். ஒரு துண்டுத்தாளில் ஆள் ஒருவருக்கு எத்தனை பெயர் என்று எழுதி அடையாளத்துக்குச் செருகி வைத்துக்கொண்டால் நூறு பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாள் தேவைப்படாது.

முன்னுரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நாவல்களின் மறுபதிப்புகளில் இன்னொருவர் எழுதிய நீண்ட முன்னுரை இருக்கும், அதில் கதையின் முடிவும் இருக்கும். கடைசியில் படியுங்கள்.

பிடித்த எழுத்தாளர் என்ற பிடிவாதம் வேறு வகை. சுஜாதாவில் வாசிப்பைத் தொடங்கிய தலைமுறை ஒன்று உண்டு. அந்த வேகத்துக்குப் பழகிய கண், லா.ச.ரா.வின் ஒரு வாக்கியம் தயங்கி நின்று தன்னையே திரும்பிப் பார்க்கும்போது பொறுமை இழக்கிறது. அவருடைய அபிதா நாவலைக் கதைக்காகப் படிப்பவருக்கு அதில் பத்து வரிக் கதைதான் கிடைக்கும். ஒருவரை நேசிப்பதில் தவறில்லை, அவரை அளவுகோலாக்கி மற்றவரை அளப்பதுதான் சங்கடம். சுஜாதாவே கணையாழி இதழின் கடைசிப் பக்கங்களில் பிறர் எழுத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. தீவிர இலக்கியத்துக்கு வந்ததும் பழைய மாத நாவல்களை ஒளித்துவைத்துவிட்டு, புரியாத புத்தகத்தைப் புரிந்ததுபோல் இருநூறு பக்கம் இழுப்பவர்கள். இவர்களைவிட நேர்மையாகப் பாதியில் விட்டவரே மேல்.

சரி, எப்போது விடலாம்? சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஐம்பது பக்கம் என்று கணக்குச் சொன்னார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால் நூறிலிருந்து வயதைக் கழித்த அளவு பக்கம் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தில் எழுந்துவிடலாம். சுவையான கணக்கு, ஆனால் தண்ணீருக்கும் விஷ்ணுபுரத்துக்கும் ஒரே படியால் அளக்க முடியாது. நான் பார்ப்பது வேறு: சிரமப்படுகிறோமா, சலிக்கிறதா? புரியாமல் பின்னோக்கிப் போய்ப் படித்தால் அது சிரமம், இன்னும் கொஞ்சம் தொடரலாம். நன்றாகப் புரிந்தும் அடுத்த பக்கம் என்ன ஆனாலும் சரி என்று தோன்றினால் மூடிவிடலாம். மூடும்போது, எந்தப் பக்கத்தில், எதனால் என்று பென்சிலால் உள்ளட்டையில் ஒரு வரி எழுதிவையுங்கள். சில வருடம் கழித்து மறுபடி எடுக்கும்போது மொழி தடுத்ததா, எழுத்தின் பொடியா, அந்த நேரத்து மனநிலையா என்று தெரிந்திருக்கும்.

புத்தகம் இரவல் என்றால் மட்டும் இதில் ஒன்றையும் செய்யவேண்டாம். "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று வருடக்கணக்கில் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.