பெரியவர்களோடு மூன்று மாதம் வெளிநாடு: நீலகிரியிலிருந்து கிளம்பும் முறை

டிக்கெட் போடுவது, விசா படிவம் நிரப்புவது பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவை ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து கிளப்பி விமான இருக்கையில் உட்கார வைப்பது வரைக்கும்தான் இந்தப் பதிவு.

படி 1: முதலில் இனிஷியல் சிக்கலைத் தீர்த்துவிடுங்கள்

குறைந்தது மூன்று மாதம் முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் நிம்மதி. அடுத்து, பெயர்ப் பக்கம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் "சர்நேம்" கட்டம் காலியாகவும், "கிவன் நேம்" கட்டத்தில் "மாதன் கே" என்றோ வெறும் "மாதன்" என்றோ இருக்கும். உள்ளூரில் இதனால் ஒரு தொல்லையும் வராது. விமான நிறுவனத்தின் பக்கமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த திரைக்கே போகாது. அவசரத்தில் அப்பாவின் ஊர்ப் பெயரையோ மகனின் பெயரையோ போட்டு நிரப்பிவிடுகிறார்கள். செக்-இன் கவுன்டரில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்தாமல் நிற்பது இப்படித்தான்.

சர்நேம் காலியாக இருந்தால் சில நிறுவனங்கள் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில வேறு குறியீடு கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பணம் கட்டும் முன் சேவை மையத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வந்தால் பதற வேண்டாம். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அவர்கள் அப்படித்தான் போடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்குக் கெடுபிடி வைத்திருக்கிறது. துபாய், அபுதாபி வழியாக இறங்கிப் பார்த்துவிட்டுப் போகத் திட்டமிருந்தால் இதை முதலிலேயே கவனியுங்கள்.

நிரந்தரத் தீர்வு, இனிஷியலை விரித்து தந்தை பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்வது. ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் உயிரோடிருக்கும் விசா இருந்தால், அந்தத் தூதரகத்தைக் கேட்காமல் பெயரில் கை வைக்காதீர்கள்.

படி 2: வீல்சேர்

"நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள். நடக்கட்டும், கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஆகும்.

வீல்சேரில் மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் விமான நிறுவனங்கள் ஒரு குறியீட்டெழுத்து வைத்திருக்கின்றன. தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாது, இருக்கை வரை நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். இருக்கை வரைக்குமே உதவி வேண்டுமென்றால் டபிள்யூ.சி.எச்.சி. தொலைபேசியில் "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் முதல் வகையைப் பதிந்துவிடுவார்கள். எல்லா விமானத்துக்கும் ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் நடைபாலம்) கிடைப்பதில்லை. மூட்டு வலிக்காரர் இரும்புப் படிக்கட்டின் கீழே நிற்கும் நிலை அங்கேதான் வரும். ஆகவே எழுத்தைச் சொல்லிப் பதியுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வெளிநாட்டுக்கு வேறு டிக்கெட் என்றால் இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். விமான நேரம் மாறியதாகச் செய்தி வந்தால் மறுபடியும் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் இரண்டும் வீல்சேரில் இருப்பவரின் கழுத்துப் பையில் இருக்கட்டும். தள்ளுபவர் வேறு வரிசையில் கூட்டிப்போய்விட்டால், உங்கள் தோள்பையில் இருக்கும் காகிதத்தால் பயனில்லை.

படி 3: மருந்தும் மாவும்

மூன்று மாத மருந்து, மேலும் இரண்டு வாரத்துக்கு உபரி. எல்லாம் கைப்பையில், அட்டையோடு. நாள்வாரியாகப் பிரித்து அடைக்கும் டப்பா வீட்டுக்கு நல்லது. சுங்க அதிகாரிக்கு மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும். மருத்துவர் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) தட்டச்சில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். நேர மண்டலம் மாறும்போது இன்சுலினும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையும் எப்போது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். டிரமடால், கோடீன் உள்ள வலி நிவாரணிகள், தூக்க மாத்திரைகளுக்கு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் முன் அனுமதி கேட்கலாம். அமீரகத்தில் நரம்பு வலிக்கான பிரிகாபலினும் அந்தப் பட்டியலில் வரும்.

சாப்பாட்டுப் பொருளில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வையுங்கள்: கசகசா. அமீரகம், சிங்கப்பூர் இரண்டிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குருமா பொடியிலும் இருக்கும் என்பதால் அம்மா அரைத்துத் தரும் பொடியில் என்னென்ன என்று கேளுங்கள். பாட்டியின் வெற்றிலைப் பாக்குப் பெட்டிக்கும் துபாயில் இடமில்லை.

படி 4: மலை இறக்கம்

விமானம் இரவிலோ விடிகாலையிலோ என்றால் முந்தைய நாளே இறங்கி கோவையில் தங்குங்கள். இதில் சமரசமே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவும் மரம் விழுவதும் எந்த நேரத்திலும் வரும். கீழே போனாலும் பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் நெரிசல் காத்திருக்கும். கோடை சீசனில் பர்லியார் பாதை ஏறும் வண்டிகளுக்கு, இறங்குவது கோத்தகிரி வழி. கோவையிலிருந்து கார் வரவழைத்தால் அது மலைக்குள் வர இ-பாஸ் வேண்டும் என்பதை ஓட்டுநருக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டியென்றால் அந்தக் கவலை இல்லை. மலை ரயிலில் இறங்கி விமானம் பிடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த ஆசையைத் திரும்பி வரும்போதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன் இருக்கை பெரியவருக்கு. வயிற்றில் இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை தூக்கம் கொடுக்கும். எழுபது தாண்டியவருக்குத் தள்ளாட்டமும் சிறுநீர் அடைப்பும் வரலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கோவை சுமார் 410. இரண்டரை மணி நேரத்தில் இவ்வளவு இறங்கும்போது காது அடைக்கும். வெந்நீர் ஒவ்வொரு மடக்காக விழுங்கினால் திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் காட்டிவிடுங்கள்.

மூச்சு முட்டுமோ என்று பயப்படும் அப்பாக்களுக்கு ஒரு தகவல். விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படும். அதாவது குன்னூர் உயரத்துக்கும் ஊட்டிக்குச் சற்று மேலான உயரத்துக்கும் இடையில். ஊட்டி சேரிங் கிராஸில் மூச்சு வாங்காமல் நடப்பவருக்கு விமானத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதயம், நுரையீரல் கோளாறு இருப்பவர் மட்டும் மருத்துவர் ஒப்புதலோடு ஏறட்டும். எல்லோருக்கும் உண்மையான ஆபத்து மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவது. இடைவழி ஓரத்து இருக்கை, மணிக்கொரு தடவை எழுந்து ஒரு நடை.

படி 5: பூட்டும் முன்

எண்ணெய், நெய், வெல்லம், மாவு எதையும் வீட்டில் வைக்காதீர்கள். எலிக்காக மட்டும் சொல்லவில்லை. எண்ணெய் வாடைக்குக் கரடி கதவை உடைப்பது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதல்ல. சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். மழைக்காலமென்றால் பீரோவில் துணியை அடைத்து மூடாமல், பக்கத்து வீட்டார் வாரம் ஒரு முறை ஜன்னல் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். பூஞ்சை பட்டுப்புடவையைத்தான் முதலில் தேடிப் போகும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், செல்லில் கட்டிவிடலாம்.

பிற்சேர்க்கை: ஓய்வூதியம்

அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, ராணுவ ஓய்வூதியர் வீடுகளுக்கு இது. நவம்பரில் வெளிநாட்டில் இருப்பார்கள் என்றால் உயிர்வாழ் சான்றுக்கான முக அடையாளச் செயலியைக் கிளம்பும் முன்பே அவர்கள் செல்லில் ஏற்றி, எப்படி இயங்குகிறது என்று காட்டிவிடுங்கள். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வங்கி ஓ.டி.பி. வரும் சிம்மில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்குங்கள். அங்கே போய் இயக்க முயன்றால் அதற்கும் ஓ.டி.பி. கேட்கும்.

பிற்சேர்க்கை: பெங்களூரிலிருந்து பறப்பவர்கள்

கூடலூர் வழிதான் பெரியவர்களுக்கு ஏற்றது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவு வேண்டாம். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். விடிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் கிளம்பும் கணக்கு அங்கே செல்லாது. முந்தைய நாள் மதியமே ஊட்டியை விட்டுக் கிளம்புங்கள்.