வேலூர் மலைக்கு எந்த ஃபில்டர்? முதல் ஜி.என்.டி. வாங்குபவருக்கு

கோட்டை அகழியின் கிழக்குக் கரையில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் கருங்கல் மதில் கரிக்கட்டையாகிவிடுகிறது. மதிலுக்கு ஏற்ப வைத்தால் மேகங்கள் இருந்த இடம் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒருசேரத் தெரிகின்றன, கேமராவுக்குத் தெரிவதில்லை.

இதற்காக உள்ளதுதான் கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர், சுருக்கமாக ஜி.என்.டி. வெயிலுக்குப் போடும் கண்ணாடிகளில் மேலே கருமையாகவும் கீழே போகப்போகத் தெளிவாகவும் ஒரு வகை உண்டல்லவா, அதே ஏற்பாடு. கருத்த பாதி வானத்தின் வெளிச்சத்தைக் குறைக்கிறது, தெளிந்த பாதி தரையை அப்படியே விடுகிறது.

இதைப் பற்றி நான் தேடிப் படித்த விளக்கங்களில் பெரும்பாலானவை கடலோரத்துக்காரர்களுக்காக எழுதியவை போலிருந்தன. நேர்கோடு போட்ட அடிவானம், அதில் தொடும் சூரியன். அதை நம்பி வாங்கிய என் முதல் ஃபில்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை மலை நிற்கிறது. ஆகவே கடையில் எந்த செட் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் படம் எடுக்கும் இடத்தில் மண்ணும் வானமும் எந்தக் கோட்டில் சந்திக்கின்றன என்று பாருங்கள்.

முதல் படி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்கள், லென்ஸ் துளையின் அளவை நாம் சொன்னால் ஷட்டர் வேகத்தை அதுவே காட்டும். துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, மீட்டரிங் ஸ்பாட் (குறிபார்க்கும் சிறு இடத்தை மட்டும் அளப்பது). சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளியுள்ள வானத்தைக் குறிபார்த்து, கேமரா காட்டும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மதிலைக் குறிபாருங்கள். வானத்துக்கு 1/250, மதிலுக்கு 1/15 என்று வைத்துக்கொள்வோம். 250, 125, 60, 30, 15 என்று பாதி பாதியாக இறங்கினால் நான்கு படிகள். வெளிச்சம் பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப், அதாவது நான்கு ஸ்டாப் வித்தியாசம்.

நான்கையும் குறைக்கக் கூடாது. வானம் தரையைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருப்பதுதான் இயற்கை. ஒரு ஸ்டாப் விட்டுவைத்து மூன்று குறைத்தால் போதும்.

மதிலுக்கு மட்டும் பார்த்தால் கணக்கு இத்துடன் முடிந்தது. ஆனால் அகழியில் தண்ணீர் இருக்கிறது, அதில் வானம் தெரிகிறது. அந்தப் பிரதிபலிப்பையும் அளந்து பாருங்கள். அது 1/60 என்று காட்டினால் வானத்தைவிட இரண்டு ஸ்டாப் மங்கல். இப்போது மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் மேலே உள்ள வானம், தண்ணீரில் தெரியும் வானத்தைவிட ஒரு ஸ்டாப் இருண்டுவிடும். படத்தைப் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். தண்ணீர் உள்ள படத்தில் மதிலைவிடத் தண்ணீரின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். இங்கே இரண்டு ஸ்டாப்பே மேல்வரம்பு. மதில் கொஞ்சம் இருண்டிருந்தால் இருக்கட்டும், மாலை நேரம்தானே.

பாலாற்றில் இதே அளவை எடுத்துப் பாருங்கள். காய்ந்து கிடக்கும் மணல் நடுப்பகலில் வானத்துக்கு ஈடாக வெளுத்திருக்கும். வித்தியாசம் ஒரு ஸ்டாப்தான் வருகிறதென்றால் அங்கே ஃபில்டருக்கு வேலையே இல்லை.

இரண்டு மூன்று இடங்களில், காலையும் மாலையும் அளந்தால் உங்களுக்கு அடிக்கடி வரும் எண் எதுவென்று தெரிந்துவிடும். அதைக் கடைமொழிக்கு மாற்ற வேண்டும். 0.3 என்றால் ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று, 1.2 நான்கு. சில நிறுவனங்கள் இவற்றையே முறையே என்.டி.2, என்.டி.4, என்.டி.8, என்.டி.16 என்று எழுதுகின்றன. என்.டி.8 என்பதை எட்டு ஸ்டாப் என்று நினைத்துவிடாதீர்கள், அது மூன்றுதான். ஒன்றே ஒன்று வாங்குவதானால் என் ஓட்டு 0.6க்கு. அடுத்தது 0.9.

பணம் செலவழிக்காமல் இதன் பலனைப் பார்க்க ஒரு வழி உண்டு. சூரியன் மறைந்த பிறகு முக்காலியில் கேமராவை வைத்து, எஃப்/16இல் நான்கு வினாடி எக்ஸ்போஷர் வரும் நேரத்துக்குக் காத்திருங்கள். ஷட்டரை அழுத்தியதும் ஒரு கறுப்பு அட்டையால் லென்ஸின் மேல்பாதியை மூன்று வினாடி மறையுங்கள். அட்டையை மேலும் கீழும் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு விழும். நான்காவது வினாடி அட்டையை எடுத்துவிடுங்கள். வானத்துக்குக் கால் பங்கு வெளிச்சம்தான் கிடைத்தது, அதாவது இரண்டு ஸ்டாப் குறைந்தது. கல்யாணப் பத்திரிகை உறைக்குள் கறுப்புத் தாள் ஒட்டித்தான் நான் இதைப் பழகினேன். இரண்டு வாரம் இப்படி எடுத்துப் பார்த்த பிறகும் ஃபில்டர் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

இரண்டாம் படி: மண்ணும் வானமும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள்

கருமை முடிந்து தெளிவு தொடங்கும் இடம் சட்டென்று மாறினால் ஹார்ட் எட்ஜ், மெல்ல மெல்லக் கரைந்தால் சாஃப்ட் எட்ஜ்.

கோட்டை மதில் மேலேறிக் கிழக்கே பாருங்கள். ஊருக்கு அப்பால் சஜ்ஜாராவ் மலை, குஜ்ஜாராவ் மலை என்று பழைய கோட்டைகளைச் சுமந்த குன்றுகள். காலையில் சூரியன் அவற்றின் பின்னாலிருந்து வருகிறது. இங்கே ஹார்ட் எட்ஜ் ஃபில்டரை வைத்தால் மலையின் இடுப்புக்கு மேலே எல்லாம் கறுத்து, கத்தரித்து ஒட்டிய அட்டை போலாகிவிடும். சாஃப்ட் எட்ஜ் வைத்தாலும் உச்சி கொஞ்சம் இருளும், ஆனால் எங்கே தொடங்கியது என்று தெரியாது. எனவே வேலூர்க்காரர் முதலில் வாங்க வேண்டியது சாஃப்ட்.

ஹார்ட் எட்ஜுக்கும் இடம் உண்டு. ராணிப்பேட்டைப் பக்கம் காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் கரைமேல் நின்றால், தண்ணீர் முடியும் இடம் ஏறக்குறைய நேர்கோடு. அங்கே மாதம் ஒரு முறையாவது போகிறவர் இரண்டாவதாக ஒரு ஹார்ட் வாங்கலாம்.

ரிவர்ஸ் என்று மூன்றாவது ஒன்று விற்கிறார்கள். நடுக்கோட்டில் அதிகக் கருமை, மேலே போகப்போகக் குறைவு. சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்கானது. நம் ஊரில் சூரியன் மலையைத் தாண்டித் தலைகாட்டும்போதே அடிவானத்தைவிட்டு மேலே வந்திருக்கும். என் அலமாரியில் தூங்குவது இதுதான்.

கோபுரத்துக்கு எந்த வகையும் சரிவராது. விரிஞ்சிபுரம் கோயிலில் ராஜகோபுரம் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்போது மேல் நிலைகள் மட்டும் கறுத்துப்போகும். அங்கே ஃபில்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பதே நல்லது.

மூன்றாம் படி: அளவும் ஹோல்டரும்

லென்ஸில் திருகிப் பொருத்தும் வட்ட ஜி.என்.டி. மலிவு, வேண்டாம். அதில் கோடு எப்போதும் படத்தின் நடுவில்தான் விழும். செவ்வகத் தகடாக வரும் ஃபில்டரும் அதை லென்ஸின் முன் பிடித்து நிறுத்தும் ஹோல்டரும் இருந்தால் கோட்டை ஏற்றி இறக்கலாம், சாய்க்கலாம்.

லென்ஸ் மூடியின் உட்புறத்தில் 52, 55, 58 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். அதற்கேற்ற அடாப்டர் வளையம் வாங்க வேண்டும். ஹோல்டர் 85 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. என்று பல அளவுகளில் வருகிறது. எதிர்காலத்துக்கு ஆகட்டும் என்று பெரியதாக வாங்கச் சொல்வார்கள். கேமராவுடன் சேர்ந்து வந்த கிட் லென்ஸ் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். 100 மி.மீ. சாஃப்ட் தகட்டில் கருமை அகலமாகப் பரவிக் கரைகிறது. 52 மி.மீ. லென்ஸின் முன் அதன் நடுப்பகுதி மட்டுமே வருவதால் முழுக் கருமை படத்துக்குள் வராமலே போகலாம். சிறிய லென்ஸுக்கு 85 மி.மீ. தகடுதான் பலன் தரும், செலவும் குறைவு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவும் 16 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸும் இருந்தால் 100 மி.மீ. வாங்குங்கள், இல்லையென்றால் மூலைகளில் ஹோல்டரின் நிழல் விழும்.

நான்காம் படி: வேட்டிச் சோதனை

நியூட்ரல் என்றால் நிறம் மாற்றாதது. பெயரில் மட்டும் நியூட்ரலாக உள்ளவை ஏராளம். ஆறு தகடுகள் ஒரே பெட்டியில் என்று நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு செட், மேகத்தையெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் காட்டியது.

தகடு வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போடுங்கள். நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்தி, ஃபில்டர் இல்லாமல் ஒரு படம், கருத்த பாதி முழுவதும் லென்ஸை மூடும்படி வைத்து ஒரு படம். இரண்டாவதற்கு ஃபில்டர் எத்தனை ஸ்டாப்போ, ஷட்டர் வேகத்தை அத்தனை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வேட்டி ஒரே வெள்ளையா? ஊதாவோ பழுப்போ தட்டினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

ரெசின் தகடு கீறல் விழும், கண்ணாடி கீழே விழுந்தால் உடையும். பாறை ஏறுகிறவருக்கு ரெசின், காரில் போகிறவருக்குக் கண்ணாடி.

ஐந்தாம் படி: பொருத்தி எடுத்தல்

கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளதால் உள்ளே முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். முதல் பயிற்சிக்கு ஏதாவது ஓர் ஏரிக்கரை போதும்.

முக்காலியில் வைத்துப் படத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் மோடுக்கு மாறி, ஃபில்டர் இல்லாமல் தரைக்கு ஏற்ப எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். ஃபோகஸையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு தகட்டை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். கீழ்ப்பாதி தெளிவாக இருப்பதால் எக்ஸ்போஷரை மாற்ற வேண்டியதில்லை.

கோடு எங்கே நிற்கிறது என்று திரையில் பார்ப்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அசையாத கருமை கண்ணில் படாது. தகட்டைச் சற்று வேகமாக ஏற்றி இறக்கினால் நிழல் நகர்வது தெரியும், மலையடிவாரத்துக்குச் சற்று மேலே வந்ததும் நிறுத்துங்கள். டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தான் (படம் எடுக்கப்போகும் துளை அளவிலேயே காட்சியைக் காட்டுவது) இருந்தால் அதை அழுத்திக்கொண்டே பாருங்கள். எஃப்/4இல் கரைந்து தெரிந்த கோடு எஃப்/16இல் கூர்மையாகிவிடும்.

படம் எடுத்ததும் வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில், அதாவது வெளுத்துப்போகும் பக்கத்தில், முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தகட்டை உருவிவிட்டு, எதையும் மாற்றாமல் இன்னொரு படம். மலையுச்சி தேவைக்கு மேல் கறுத்திருந்தால் அந்த உச்சியை இரண்டாவது படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.