கண்ணாடியா, கல்லா? ஷார்த்ர் பேராலயத்தைப் படமெடுக்கும் முறை

சனியும் ஞாயிறும் எனக்கு மண்டபங்களில் கழியும். பாரிஸ் புறநகரில் வாடகை மண்டபம், துணிப்பூ மணவறை, ஊதா விளக்கு, மாலை மாற்று, கேக் வெட்டு. இருபது வருடத்துக்குக் கிட்ட நம் ஆட்களின் கல்யாணங்களையும் சாமத்தியச் சடங்குகளையும் படமெடுத்துத்தான் பிழைக்கிறேன். ஆகவே திங்கட்கிழமைதான் என் ஓய்வுநாள். அன்று மொம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, ஷார்த்ர். கோதுமை வயல்களுக்கு அப்பால் ஊர் தெரியுமுன்பே ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கோபுரங்கள் தெரியும்.

2008 இல் முதல் தடவை போனபோது 400 படம் எடுத்தேன். கல்யாணப் பழக்கத்தில் கமெராவை எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரெல்லாம் புகை பிடித்த அடுப்படி போல மங்கிக் கிடக்கிறது. யன்னல்களோ வெள்ளை ஓட்டைகள். 800 வருடம் தாக்குப்பிடித்த நீலத்தை நான் ஒரே பிற்பகலில் வெளுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து கமெராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் படம் கண்ணாடிக்கா, கல்லுக்கா? இரண்டுக்கும் என்று ஆசைப்பட்டால் இரண்டும் கிடைக்காது. மேகமூட்டமான ஒரு நாளில் நான் குறித்துவைத்த கணக்கைச் சொல்கிறேன். யன்னலுக்கு ஐ.எஸ்.ஓ (கமெராவின் ஒளி உணர்திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 5.6, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 விநாடி. அதே இடத்தில் நின்றபடி பக்கத்துத் தூணுக்கு ஐ.எஸ்.ஓ 3200, எஃப் 4, 1/30 விநாடி. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் (8 × 2 × 4) ஏறத்தாழ 64 மடங்கு வித்தியாசம். நம் கண் தூணுக்கு விரிந்தும் யன்னலுக்குச் சுருங்கியும் சமாளித்துவிடும். கமெராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக ஒட்டுகிற எச்.டி.ஆர் இருக்கிறதே என்பீர்கள். செய்து பார்த்தேன். நிழலே இல்லாத, தளபாடக் கடை விளம்பரம் போன்ற ஒரு கோவில் வந்தது. சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான் அந்த யன்னல்கள் எரிகின்றன.

முதலில் கண்ணாடி. அதற்கு வானம் மூடியிருக்கும் நாளே நல்ல நாள். வெயில் நேரே அடித்தால் ஒரே யன்னலில் பாதி கொதிக்கும், பாதி அணைந்து கிடக்கும். வெளியே சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் கல் வளைவுகளின் நிழலும் குறுக்கே விழும். வொயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமன் அமைப்பை, ஆட்டோவிலிருந்து எடுத்து 'வெயில்' குறியில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், இவ்வளவு நீலம் இருக்கவே முடியாது என்று கமெரா தானாகத் தீர்மானித்து மஞ்சளைக் கொட்டும். ரா கோப்பாக, அதாவது கமெரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை நடுத்தர வெளிச்சமுள்ள ஒரு சிவப்புத் துண்டிலோ பச்சைத் துண்டிலோ வையுங்கள்; வெள்ளையில் வைத்தால் மற்றதெல்லாம் இருண்டுபோகும், கரு நீலத்தில் வைத்தால் மற்றதெல்லாம் வெளுத்துப்போகும்.

இனிச் சொல்வது நான் நாலைந்து திங்கட்கிழமைகளை வீணாக்கிப் படித்தது. கமெரா காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டுவதைத் திறவுங்கள். மொத்த வெளிச்சக் கணக்கில் நீலத்துக்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கு. நீலம் விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருக்கும்போதும் ஒற்றை வரைபடம் 'எல்லாம் சுகம்' என்றே சொல்லும். நீலக் கோடு வரைபடத்தின் வலது ஓரத்தில் முட்டினால் ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி), தேவையென்றால் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.

இதைப் பழகத் தென்புறச் சுற்றுநடையில் (பீடத்தைச் சுற்றிப் போகும் நடைவழி) ஒரு யன்னல் இருக்கிறது: 'நோத்ர் டாம் த லா பெல் வெரியேர்', அழகிய கண்ணாடியின் மாதா. 1194 இல் கோவிலைத் தின்ற தீயில் தப்பிய சிலவற்றில் இதுவும் ஒன்று. நடுவே குழந்தையோடு வீற்றிருக்கும் மாதா ஏறத்தாழ 1180 ஐச் சேர்ந்தவர். இரு பக்கமும் நிற்கும் சம்மனசுகளை (வானதூதர்களை) 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தார்கள். மாதாவின் ஆடை வெளிறிய வான்நீலம், சம்மனசுகளின் பின்னணி கடுத்த நீலம். உங்கள் படத்தில் இரண்டும் ஒரே நீலமாக வந்திருந்தால் இன்னும் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

யன்னல்களைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். முழு யன்னலையும் ஒரு படம் எடுத்துவிட்டு, அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாக ஏறுங்கள். யன்னலின் அடியிலேயே நின்று அண்ணாந்து எடுத்தால் வட்டங்கள் முட்டை வடிவாகிவிடும். எதிர்ப்புறச் சிறகுக்கு (தூண்களுக்கு அப்பாலுள்ள பக்க நடைக்கு)ப் போய், தூண்களின் இடைவெளியால் 70-200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சாய்வு வெகுவாகக் குறையும். இங்கே 170 க்கும் மேற்பட்ட யன்னல்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று போதும். நான் அடிக்கடி போய் நிற்பது வடக்குச் சிறகில் உள்ள நோவா யன்னலுக்கு எதிரே. அதன் அடிக் கட்டங்களில் தச்சர், சக்கரம் செய்கிறவர், பீப்பாய் செய்கிறவர் எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள். மேலே நோவா பேழை கட்டுகிறார். என் பாட்டனார் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வள்ளம் கட்டிய ஓடாவி. மரத்தை அணைத்துப் பிடிக்கும் கை எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எந்த நேரத்துக்குப் போவது என்பதற்கு ஒரு திசைகாட்டி வேண்டும். வழிகாட்டிப் புத்தகங்கள் மேற்கு வாசல், வட ரோசா யன்னல், தென் ரோசா யன்னல் (ரோசாப்பூப் போன்ற பெரிய வட்ட யன்னல்கள்) என்றே எழுதும். பீடம் கிழக்கே இருக்கும் என்ற வழக்கத்தில் வந்த பெயர்கள் அவை. ஆனால் ஷார்த்ரின் பீடம் வடகிழக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே 'மேற்கு' வாசல் உண்மையில் தென்மேற்கு, 'தென்' ரோசா தென்கிழக்கு, 'வட' ரோசா வடமேற்கு. இதை அறியாமல் காலை ஒன்பது மணிக்கு முன்வாசலில் போய் நிழலைப் படமெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தென் ரோசாவில் காலையில் வெயில் விழும். அதை மேகத்துக்கோ பிற்பகலுக்கோ விட்டுவையுங்கள். வட ரோசா பகலில் பெரும்பாலும் வெயில் படாமல் நிதானமாக எரியும். காஸ்டீல் நாட்டிலிருந்து வந்த பிரெஞ்சு அரசி பிளான்ஷின் கோட்டைச் சின்னமும் பிரான்சின் லில்லிப் பூவும் அதில் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

இனிக் கல். முன்புறத்து 'அரச வாசல்' 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேலை, அதுவும் தீயில் தப்பியது. தூணோடு தூணாக நீண்டு நிற்கும் அந்த அரசர், அரசியர் சுரூபங்களின் ஆடை மடிப்புகள் நூல் பிடித்தாற்போல் இறங்கும். மடிப்பு படத்தில் வர வேண்டுமென்றால் ஒளி பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை முழுவதும் வாசல் நிழலில் கிடந்து, நண்பகலை ஒட்டி வலப்புறத்திலிருந்து வெயில் கல்லை உரசிக்கொண்டு வரும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம். பிற்பகலில் சூரியன் நேர் எதிரே வந்துவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும், பாஸ்போர்ட் படம்தான்.

வலது கதவுக்கு மேலுள்ள வளைவுகளில் அக்காலக் கல்வியின் ஏழு கலைகளைப் பெண் உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். இலக்கணம் என்பவள் கையில் பிரம்போடு இருக்கிறாள். காலடியில் இரண்டு பையன்கள், ஒருவன் மற்றவனின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். 200 மி.மீ. லென்ஸ் இல்லாமல் இவர்களை எட்ட முடியாது. எஃப் 8 இல் எடுங்கள். வளைவு ஆழமானது, பிரம்பு தெளிந்து பையன் மங்கினால் கதை போய்விடும்.

உள்ளே கல்லை எடுக்கும்போது யன்னலைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள். பாடகர் பகுதியைச் சுற்றி ஒரு கல் மறைப்புச் சுவர் போகிறது. 1514 இல் ஜான் த போஸ் தொடங்கிய வேலை. முடிய 18ஆம் நூற்றாண்டு ஆயிற்று. மாதாவினதும் இயேசுவினதும் வாழ்க்கை 40 காட்சிகளாக, ஏறத்தாழ 200 உருவங்களாக அதில் ஓடுகிறது. எதிரே சுற்றுநடை யன்னல்களிலிருந்து மென்மையான ஒளி கிடைக்கும். கல்யாணத்தில் மணமகளுக்குப் பாவிக்கும் 85 மி.மீ. லென்ஸ்தான் இங்கும் எனக்குக் கை கொடுக்கிறது.

அடுத்து, சாய்ந்து விழும் கோபுரங்கள். கமெராவை மேல்நோக்கிச் சாய்த்தவுடன் செங்குத்துக் கோடுகள் எல்லாம் உச்சியில் கூடிவிடும். தெற்குக் கோபுரம் 105 மீட்டர், வடக்குக் கோபுரம் 113 மீட்டர். கிட்ட நின்று சாய்த்தால் இரண்டும் வெறியேறினவர்கள் போலத் தள்ளாடும். முடிந்தவரை பின்னால் போங்கள், கமெராவை நேராகப் பிடியுங்கள், கீழே வரும் வெற்றுத் தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுவைத்தால் நேராகப் பிடிப்பது இலகு. கணினியில் நிமிர்த்தப்போகிறீர்களென்றால் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் போய்விடும்.

முக்காலிக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பல பேராலயங்களில் விடமாட்டார்கள். நான் அதைக் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். பதிலாகத் துணிப்பையில் தைத்த அரைக் கிலோ சம்பா அரிசி. கதிரை முதுகில் வைத்து அதன்மேல் கமெராவை அமர்த்தி, இரண்டு விநாடி டைமரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். அரை விநாடி ஷட்டர்கூட அசையாமல் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம். கூரை வளைவு 37 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஃபிளாஷ் அதன் அரைவாசிக்கும் போய்ச் சேராது, முன்வரிசையில் மன்றாடிக்கொண்டிருக்கும் கிழவியின் கண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

கூரைக்கு ஒரு வித்தை என் பெறாமகளிடம் கற்றது. நான் கோவிலின் நடுச்சந்தியில் நின்று கழுத்து நோக அண்ணாந்துகொண்டிருந்தேன். அவள் கைத்தொலைபேசியைத் திரை மேலே தெரியத் தரையில் படுக்க வைத்து, முன்பக்கக் கமெராவைத் திறந்து, பத்து விநாடி டைமரைப் போட்டுவிட்டு விலகி நின்றாள். வளைவுகள் நடு முடிச்சிலிருந்து நாலு பக்கமும் ஒழுங்காக விரிந்த படம் வந்தது. பிறகு என் யன்னல் படங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள், "சித்தப்பா, இதில் சுவர் எங்கே?" சுவரை வேண்டுமென்றே இருட்டில் விட்டிருந்தேன் என்று விளக்கினேன். "அப்படியென்றால் கோவிலுக்குள் நிற்கிற மாதிரியே இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு படம் அதிகம் எடுக்கிறேன்: யன்னல் சிறிதாக, அதன் நிறம் விழுந்த தூணோ தரையோ பெரிதாக. வெயில் நாள் இந்தப் படத்துக்கு உதவும்.

கைத்தொலைபேசியில் யன்னல் எடுப்பவர்கள் திரையில் கண்ணாடியைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துவிட்டால் போதும். இரவுப் பயன்முறையை நிறுத்திவிடுங்கள்.

தரையில் 13ஆம் நூற்றாண்டின் வட்டச் சுழல்வழி ஒன்று இருக்கிறது, விட்டம் 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்ற நாட்களில் கதிரைகள் அதை மூடியிருக்கும். தவக்காலத்திலிருந்து இலையுதிர்காலம் வரை பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் திறந்துவிடுவார்கள். திங்கட்கிழமைக்காரனான எனக்கு அது வாய்ப்பது அபூர்வம். முழு வட்டத்துக்கும் ஆசைப்படாமல் முழந்தாளிட்டு, தரை மட்டத்திலிருந்து கோடுகள் தூரத்தே வளைந்து போவதை எடுங்கள். அதில் நடப்பவர்கள் செபித்துக்கொண்டு நடக்கிறார்கள். பாதங்கள் போதும், முகம் வேண்டாம்.

திருப்பலி நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் வெளியே வாசல் சுரூபங்களோடு இருங்கள். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் நல்லதுதான், ஆனால் எல்.ஈ.டி. விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் படம் முழுவதும் வரிக்குதிரையான பிறகு நான் இதை மறப்பதில்லை.

பிழைத்துப்போன படங்களை அழிக்காதீர்கள். அந்த 2008 ஆம் வருடத்து 400 படமும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மறு வருடம் உள்ளே துப்புரவு வேலை தொடங்கியது; பல வருடம் சாரம் கட்டி, மெழுகுதிரிப் புகையும் தூசும் படிந்த கறுப்பையெல்லாம் நீக்கி, சுவரை வெளிர் மஞ்சளாக்கினார்கள். தூண் மாதா என்று கும்பிடும் சுரூபமும் அப்படித்தான்: என் பழைய படத்தில் கறுத்த முகம், இப்போது வெளிறிய முகம். சரி செய்தார்களா, கெடுத்தார்களா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்குப் புதிய சுவர் பிடித்திருக்கிறது. மாதாவைக் கறுப்பாகவே விட்டிருக்கலாம். எப்படியானாலும் அந்தக் கறுப்புச் சுவரை இனி யாரும் படமெடுக்க முடியாது. ஆகவே ரயிலில் திரும்பும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் யன்னலின் பெயர், தேதி, மணி, வானம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று எழுதிவிடுகிறேன். மொம்பர்னாஸ் வருவதற்குள் ஒரு யன்னல் அளவு படங்களுக்கு எழுதி முடித்துவிடலாம்.