வெள்ளியங்கிரிக்கு அலுவலகத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலையேறப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் காலணியில் தொடங்கித் தண்ணீர் பாட்டிலில் முடிந்துவிடும். அதெல்லாம் தேவைதான். ஆனால் சக ஊழியர்களோடு இரண்டு முறை வெள்ளியங்கிரி ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு முறையும் எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது, மேலாளர் முன்னால் "என்னால் முடியவில்லை" என்று சொல்லக் கூசிய வாய்.

கோவைக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை தாண்டி உச்சியில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போக ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். "ஆறு கிலோமீட்டர்தானே, தினமும் காலையில் அவ்வளவு நடக்கிறேன்" என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பூங்காவைச் சுற்றி நடக்கும் ஆறு கிலோமீட்டருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முதல் மலை முழுக்கச் செங்குத்தான கல்படிகள். வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள்ளேயே பாதிப் பேருக்கு நாக்கு உலர்ந்துவிடும். பழக்கமில்லாத குழுவுக்கு உச்சியை அடைய ஐந்தாறு மணி நேரம் ஆவது சாதாரணம். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் ஏறும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் முதல் பயணத்தில் தவறு அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது. 22 பேர் கொண்ட குழு, அதில் ஒன்பது பேர் பெண்கள். 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்கள் இந்த மலையில் ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அது சரியா என்பது வேறு விவாதம். எங்கள் ஏற்பாட்டாளருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. "ஒன்றாக ஏறுவோம்" என்று கொட்டை எழுத்தில் சுவரொட்டி அச்சடித்து ஒட்டிய பிறகுதான் ஒரு தோழி வந்து மெதுவாகக் கேட்டார். அந்தச் சுவரொட்டி ஒரு வாரம் அங்கேயே இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஏற வேண்டுமென்றால் வேறு மலையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதியோடு அறிவித்தது. உள்ளூர்ப் பழங்குடியினர் பலர் அங்கே வழிகாட்டிகளாக வருகிறார்கள்.

அனுமதி விஷயத்தில் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. வெள்ளியங்கிரியில் வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை ஏறவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் மழையும் யானையும் வழியை எடுத்துக்கொள்கின்றன; இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகளின் இடம். பக்தர்களை ஏறவிடும் அதே மாதங்கள்தான் மலைகளில் காட்டுத்தீக்காலம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் எரியும் வேகத்தில் மனிதக் கால்கள் மேட்டில் ஓட முடியாது. அன்று போனவர்களில் பலர் நம்மைப் போல வார விடுமுறைக்கு வந்த அலுவலக ஊழியர்கள்தான்.

இனி, தூக்கம். சென்னை அலுவலகங்களின் திட்டம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். வெள்ளி மாலை வேலை முடித்து இரவு ரயில், சனி பகலெல்லாம் கோவையில் சுற்றல், வெயிலுக்குப் பயந்து சனி இரவே மலையேற்றம், ஞாயிறு இறங்கி இரவு ரயில், திங்கள் காலை பத்து மணிக்குக் கூட்டம். இரண்டு இரவு தூங்காத உடம்பைத்தான் இருட்டில் வழுக்குப் பாறை மேல் ஏற்றுகிறோம். சனி பகலில் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு ஐந்து மணி நேரமாவது படுங்கள். வேனில் போகிற குழுவாக இருந்தால் ஓட்டுநருக்கும் படுக்க இடம் கொடுங்கள். நீங்கள் மலையில் இருக்கும் இரவு முழுதும் அவர் இருக்கையில் முடங்கிக் கிடந்துவிட்டுக் காலையில் வண்டி ஓட்டுவார் என்பதை யாருமே யோசிப்பதில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நோயை மறைப்பது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இந்தப் பாதையில் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்தார்கள். இதய நோய், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. ஆனால் அலுவலகத்தில் யார் சொல்வார்? "இவருக்கு உடம்பு முடியாது" என்ற பெயர் அடுத்த பதவி உயர்வு வரை கூடவே வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எங்கள் இரண்டாவது பயணத்தில் மேலாளருக்கு வயது 48. கைதட்டிச் சுனை அருகில் முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டே "வாயு, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்றார். நாங்களும் சோடா வாங்கிக் கொடுத்தோம்! சுக்குக் காபி விற்ற பெரியவர்தான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதற்கு மேல் ஒரு அடி வைக்க வேண்டாம். தம்பி, கீழே ஆள் அனுப்புங்கள்" என்று அதட்டினார். டோலி கட்டி இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தாராம். எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆகவே உடல்நிலையைக் குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள், பொய்தான் கிடைக்கும். அலுவலகப் படிநிலைக்கு வெளியே இருக்கும் ஒருவர் தனித்தனியாகக் கேட்கட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் வாயு என்று நினைக்கக் கூடாது. அங்கேயே உட்கார வைக்க வேண்டும், நடக்க வைத்துக் கீழே கூட்டிவரக் கூடாது. இருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவிக்கு இறங்க வேண்டும். கைப்பேசியை நம்ப முடியாது, பல இடங்களில் சிக்னல் இருக்காது.

வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒவ்வோர் அலுவலகத்திலும் மாரத்தான் ஓடுகிற ஒருவர் இருப்பார். அவர் மூன்றாம் மலையில் நிற்கும்போது கடைசி ஆள் முதல் மலையில் தவித்துக்கொண்டிருப்பார். முன்னால் போனவர் அரை மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார். பின்னால் வந்தவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார். அதிக ஓய்வு தேவைப்பட்டவருக்குத் துளி ஓய்வும் கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், மாரத்தான்காரரை வாலாக வையுங்கள். ஒவ்வொரு மலை முடிவிலும் தலையை எண்ணுங்கள். "காலை ஏழு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்பது போல ஒரு நேரத்தைக் கீழேயே முடிவு செய்துவிட வேண்டும். ஆறாம் மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, எதிரே ஏழாவது மலை சுவர்போல நிற்பதைப் பார்த்தபின் அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்து தொடையை அறுத்துவிடும். புதுக் காலணியை மலையில் பழக்காதீர்கள். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியை "நமக்கெதற்கு" என்று ஒதுக்காதீர்கள், இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால். ஒரு கையில் தடி, மறு கையில் கைப்பேசி விளக்கு என்றால் விழும்போது ஊன்றக் கை இருக்காது. நெற்றியில் கட்டும் விளக்கு வாங்குங்கள். வெறும் தண்ணீரையே குடிக்காமல் உப்புச்சத்துக் கரைசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை அடிவாரத்தில் சோதிப்பார்கள், பொட்டலங்களைப் பிரித்துக் காகிதத்திலோ டப்பாவிலோ கொண்டு போங்கள். காய்ந்த சட்டை ஒன்று பைக்குள் இருக்கட்டும்: ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்று நனைந்த சட்டையோடு நிற்பவரைப் பல் தந்தியடிக்க வைக்கும், ஏப்ரலிலும்கூட.

பயிற்சி என்றால் எல்லோரும் ஏறிப் பழகுகிறார்கள். முழங்காலை வாங்குவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசைக்கு மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் வலி உச்சத்துக்கு வரும். கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படிகள் இருக்கின்றன. சென்னைக்காரர்கள் திருக்கழுக்குன்றம் போகலாம், இல்லையென்றால் அடுக்குமாடிப் படிக்கட்டே போதும். ஐந்து கிலோ பையோடு ஆறு வாரம் ஏறி இறங்குங்கள். கீழே வர மின்தூக்கியில் ஏறிவிடாதீர்கள்.

திங்களுக்கும் செவ்வாய்க்கும் விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதும் நல்லது. முதல் முறை போய் வந்தபோது நான் எழுதவில்லை. செவ்வாயன்று அலுவலகத்தில் மின்தூக்கி பழுது. இரண்டாம் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்த என்னை, மலைக்கு வராத அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.