கலவை அலமாரியும் நான் கட்டிய தண்டமும்

பிரிட்டனில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் கடைத்தெருவில் இரண்டு மூன்று சாரிட்டி ஷாப் இருக்கும், அதாவது தானமாக வந்த பழைய பொருட்களைத் தர்ம காரியத்துக்காக விற்கும் கடை. பழைய கோட்டு, பீங்கான் கோப்பை, கட்டாயம் ஒரு துண்டு குறைந்திருக்கும் ஜிக்ஸா புதிர் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக்குப் போனால் புத்தக அலமாரி. மேல்தட்டில் கால்பந்து, கிரிக்கெட் வீரர்களின் முகங்கள் நம்மை முறைக்கும். நடுத்தட்டில் காமெடித் தொடர்களின் டிவிடிகள். கீழ்த்தட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், செத்துப்போன ஏதோ ஒரு பேராசிரியரின் தடித்தடியான ஆய்வு நூல்கள். எல்லாம் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு. விலை குறைவு என்பதால் கை தானாக நீளும். நானும் பல வருடமாக நீட்டி, பாதிக்கு மேல் தண்டமாக வாங்கி, அவற்றில் பலவற்றை அதே கடையில் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு எது என்று கேட்டால், மூன்று தட்டையும் ஒரே மாதிரி பார்ப்பது. அட்டையைப் பார்ப்பது, முதுகில் பெயரைப் படிப்பது, விலை ஸ்டிக்கரைப் பார்ப்பது, கூடையில் போடுவது. சட்டை வாங்க அது போதும். இங்கே விளையாட்டு வீரர் புத்தகத்துக்கு ஆண்டையும் கூட எழுதியவர் பெயரையும் பார்க்க வேண்டும், காமெடிக்கு உறையைத் திறந்து பார்க்க வேண்டும், ஆய்வு நூலுக்கு எத்தனையாவது பதிப்பு என்று பார்க்க வேண்டும்.

மேல்தட்டிலிருந்தே வருவோம். இந்த ஊரில் விளையாட்டு வீரர்களின் நினைவுக்குறிப்புகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வெளிவரும், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கும் மாமாவுக்கும் என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அவை பிரிக்காமலேயே கடைக்கு வந்துவிடும். புத்தம் புதிதாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள், யாரும் படிக்காததால்தான் அது புதிதாக இருக்கிறது. 25 வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் அணித் தலைவரையும் பயிற்சியாளரையும் பற்றி எதைத் திறந்து சொல்லிவிட முடியும்? எல்லோரும் நல்லவர்கள், எல்லா வெற்றியும் கூட்டு முயற்சி, அவ்வளவுதான். ஆட்டத்தை விட்டு ஐந்தாறு வருடம் கழித்து எழுதியதைத் தேடுங்கள். சம்பளம் கொடுத்தவர்கள் மேல் பயம் போயிருக்கும்.

அப்புறம், எழுதிக் கொடுத்தவர் யார் என்று பார்க்காமல் வாங்குவது. பெரும்பாலான வீரர்கள் பேசுவார்கள், ஒரு பத்திரிகையாளர் எழுதுவார். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் நன்றாக இருப்பதும் இல்லாததும் அந்த இரண்டாவது ஆள் கையில்தான் இருக்கிறது. சில சமயம் அட்டையில் சின்ன எழுத்தில் அவர் பெயர் இருக்கும், சில சமயம் உள்ளே தலைப்புப் பக்கத்தில் மட்டும், சில சமயம் கடைசி நன்றியுரையில். டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாஸியின் 2009 நினைவுக்குறிப்பை எழுதியவர் ஜே. ஆர். மோரிங்கர் என்கிற எழுத்தாளர், அட்டையில் அவர் பெயர் கிடையாது, பின்னால் அகாஸியே சொல்கிறார். அதனால் கடையில் நின்றபடியே கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். கூட எழுதியவர் வேறு என்னென்ன எழுதியிருக்கிறார் என்று செல்பேசியில் பார்க்க அரை நிமிடம் போதும்.

இதில் இன்னொரு சிக்கல், புத்தகம் வந்த பிறகு நடந்ததை மறந்துவிடுவது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு சைக்கிள் பந்தயத்தில் வென்ற கதை 2000-இல் வில்லியம் ஹில் விளையாட்டுப் புத்தக விருது வாங்கியது. 2012-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன, 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அட்டையில் விருதுப் பெயர் அப்படியே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதே விருதை 1990-இல் வாங்கியவர் பால் கிம்மேஜ், அயர்லாந்துக்காரர், சைக்கிள் பந்தயத்தில் மருந்து எப்படிப் புழங்குகிறது என்று முன்னாள் வீரராக உள்ளிருந்து எழுதியவர். அப்போது கூடச் சைக்கிள் ஓட்டியவர்களே அவரைக் காட்டிக்கொடுத்தவன் போலப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே தட்டில் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் புத்தகத்தைத் தள்ள வேண்டாம், இப்போது அது வேறு வகையில் சுவாரசியமான புத்தகம்.

தட்டின் பெயரை நம்புவதும் தவறுதான். அடுக்குபவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள், அட்டையில் மட்டை தெரிந்தால் கிரிக்கெட் வரிசை. டிரினிடாடில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963-இல் எழுதிய புத்தகம் கிரிக்கெட் நினைவுகள்தான், ஆனால் காலனி ஆட்சி, இனம், வர்க்கம் பற்றி எழுதப்பட்ட முக்கியமான நூல்களில் அதுவும் ஒன்று. எப்போதும் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களின் சிரித்த முகங்களுக்கு நடுவில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. சமூகவியல் படிப்பவர் கீழ்த்தட்டோடு எழுந்து போய்விடுவார், கிரிக்கெட் ரசிகர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

சரி, நடுத்தட்டு. இங்கே தண்டம் கட்டியதில் நான் நிபுணன்.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்கிற பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர் என்றால் உயிர். மூன்று பவுண்டுக்குப் பெட்டி கிடைத்தது, ஊருக்குப் போகும்போது எடுத்துப் போனேன். குடும்பமே சோபாவில் உட்கார்ந்திருக்க, டிவிடித் தட்டு பிளேயருக்குள் போனது, சுற்றியது, திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். “என்னடா, படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு?” என்றார் சித்தப்பா. டிவிடிக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. பிரிட்டனில் விற்கும் டிவிடி இரண்டாம் மண்டலம், இந்தியாவில் விற்கும் பிளேயர் ஐந்தாம் மண்டலம். பெட்டியின் பின்னால் பூகோள உருண்டைப் படத்துக்குள் சின்னதாக '2' என்று போட்டிருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். '0' அல்லது 'எல்லா மண்டலமும்' என்று இருந்தால் பயமில்லை. ப்ளூரே என்றால் எண்ணுக்குப் பதில் எழுத்து: பிரிட்டனுக்கு பி, இந்தியாவுக்கு சி. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர்களும் உண்டு, ஆனால் யார் வீட்டில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சித்தப்பா கடைசியில் என் மடிக்கணினியில் பார்த்தார், 14 அங்குலத் திரையில், கண்ணாடியை ஏற்றி ஏற்றி.

உறையைத் திறந்து பார்க்காமல் வாங்குவது அடுத்தது. கூச்சப்படவே வேண்டாம், எல்லோரும் திறப்பார்கள். பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பது அடிக்கடி நடக்கும். ஐந்து தட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருக்கும், காணாமல் போனது எப்போதும் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி உள்ள தட்டாகவே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, வட்டமாகத் தடத்தோடு ஓடும் கீறல்தான் படத்தை உறைய வைக்கும்.

'முழுத் தொகுப்பு' என்ற சொல்லை அப்படியே நம்புவதும், நம்பிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போடுவதும் இரண்டுமே தவறு. ஒரு தொடருக்கு எத்தனை பகுதி என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிரிட்டிஷ் காமெடிகள் சின்னவை. 'ஃபால்டி டவர்ஸ்' 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு பகுதிதான். மெலிந்த பெட்டியைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'டாட்ஸ் ஆர்மி' நேர்மாறு: 1968 முதல் 1977 வரை எண்பது பகுதி ஒளிபரப்பானது, ஆனால் எந்தப் பெட்டியிலும் மூன்று குறையும். பழைய ஒளிநாடாக்களை அழித்து மேலேயே மறுபடி பதிவு செய்யும் வழக்கம் அப்போது பிபிசியில் இருந்தது, இரண்டாம் வரிசையின் அந்த மூன்று பகுதிகள் இன்றைக்கும் கிடைக்கவில்லை. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' இன்னொரு ரகம். பாட்டு உரிமைச் சிக்கலால் டிவிடியில் சில காட்சிகள் வெட்டப்பட்டிருக்கும், பாட்டு மாற்றப்பட்டிருக்கும். தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகத்தோடு வாங்குபவர்கள் நம் ஞாபகம்தான் தப்போ என்று குழம்புவார்கள்.

இனி கீழ்த்தட்டு. முழங்கால் வலித்தாலும் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

பொதுவான தவறு, பெயரைப் பார்த்துவிட்டுப் பதிப்பைப் பார்க்காமல் விடுவது. நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பரோவும் அமெரிக்காவின் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் முதலில் வந்தது, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984-இல். பல்கலைக்கழக ஊர்களின் கடைகளில் 1961 தொகுதி எப்போதாவது தட்டுப்படும். தடித்த கட்டு, நல்ல தாள், பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் இரண்டாம் பதிப்பில் சொற்களுக்கான எண்கள் மாறிவிட்டன, இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது 1984 எண்களை. முதல் பதிப்பை வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடினால் சம்பந்தமே இல்லாத வேறொரு சொல்லில் போய் நிற்பீர்கள். அலமாரி அழகுக்கு என்றால் வாங்குங்கள், வேலைக்கு என்றால் 1984-க்குக் காத்திருங்கள்.

புதிய பதிப்புதான் எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட்டால் அதுவும் பள்ளம். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது, அவரே விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல். அவர் 1891-இல் இறந்த பிறகு, 1913-இல் வேறு இருவர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் அவர் எழுதிய சில பகுதிகளே நீக்கப்பட்டன. பின்னால் வந்த மறுபதிப்புகள் பலவும் இந்த 1913-ஐ ஒட்டியவை. ஆகவே மறுபதிப்பு கையில் கிடைத்தால் அது எதன் மறுபதிப்பு என்று முன்பக்கங்களில் பாருங்கள். அப்படி எதுவுமே எழுதியிருக்காவிட்டால், அட்டை பளபளவென்று, உள்ளே எழுத்து மங்கலாக, பக்கம் கோணலாக இருந்தால், அது யாரோ பழைய நூலை ஸ்கேன் செய்து அச்சடித்து விற்பது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கக்கூடியதற்கு எதற்குக் காசு?

நூலகத்திலிருந்து கழித்த பிரதி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சேகரிப்பவர்களுக்கு அது குறைதான், முத்திரை, ஒட்டிய பை, முதுகில் வெள்ளை எண். படிப்பவர்களுக்கு வரம், கட்டு உறுதியாக இருக்கும், விலை பாதி. ஒரே ஒரு சோதனை: வரைபடமும் படத்தகடுகளும் கிழிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒருமுறை மடிப்பு வரைபடம் உள்ள தென்னிந்திய வரலாற்று நூல் என்று ஆசையாக வாங்கி வந்து வீட்டில் பிரித்தால், மடிப்பு இருந்த இடத்தில் கத்தரித்த ஓரம் மட்டும், அரை அங்குலம்.

முதல் பதிப்பு, பணம் கொட்டும் என்ற கனவு மூன்று தட்டிலும் உண்டு. 'முதலில் வெளியான ஆண்டு' என்று ஒரு வரி இருந்தால் போதாது. அதற்குக் கீழே 10 9 8 7 6 5 4 3 2 1 என்று எண்கள் வரிசையாக இருக்கும், அதில் மீந்திருக்கும் சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு என்று சொல்லும். 1 இல்லை, 4-தான் சின்னது என்றால் நான்காம் அச்சு. மேலுறையின் உள்மடிப்பில் விலையே இல்லாமல், தாள் கொஞ்சம் மட்டமாக இருந்தால் பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு (கழக உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சடித்தது), அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். இப்படிக் கடை நடத்தும் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாம் 1987-இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் புத்தகத்துக்கென்று தனிக்கடை திறந்துவிட்டது. மதிப்புள்ளதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அலமாரிக்கு வருவது அவர்கள் சலித்த மிச்சம்.

பார்கோடை ஸ்கேன் செய்து விலை பார்ப்பவர்கள் கீழ்த்தட்டில் பாதியைத் தவறவிடுவார்கள். பழையவற்றில் பார்கோடு கிடையாது. 1960-களின் கடைசியில் வந்தவற்றில் ஒன்பது இலக்க எண் மட்டும் இருக்கும், முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதுவே புத்தகத்தின் அடையாள எண்ணான பத்து இலக்க ஐஎஸ்பிஎன். அதற்கும் முந்தையது என்றால் எண்ணே இல்லை, பெயரைத் தட்டித்தான் தேட வேண்டும். உள்மடிப்பில் விலை ஷில்லிங்கில் மட்டும் இருந்தால் 1971-க்கு முந்தைய அச்சு என்று வைத்துக்கொள்ளலாம், அந்த வருடம் பிப்ரவரியில்தான் ஷில்லிங் கணக்கு ஒழிந்தது.

சின்ன விஷயங்கள் இரண்டு மூன்று. முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள், பழைய துணிக்கட்டு அங்கேதான் கிழியும். இரண்டு பக்கப் புத்தகத்தையும் உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். விலை ஸ்டிக்கரை நகத்தால் பிய்க்காமல் ஹேர் டிரையரைக் கொஞ்சம் தூரத்தில் காட்டினால் பசை இளகி வந்துவிடும். பேரம் பேசாதீர்கள், தர்மத்துக்கு நடத்தும் கடையில் ஒரு பவுண்டுக்கு மல்லுக்கட்டுவது பார்க்க நன்றாக இல்லை. பூஞ்சை வாடை அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், வீட்டில் இருப்பதையும் அது பிடிக்கும்.

ஒரு தவறை மட்டும் நான் ரொம்பத் தாமதமாகத்தான் திருத்திக்கொண்டேன். நல்ல புத்தகம் ஒன்று கிடைத்ததும் சந்தோஷத்தில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருவர் இறந்தாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ அவர் வீட்டுப் புத்தகம் முழுவதும் ஒரே நாளில் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வரும். கடைக்காரர்கள் பொருளை வைத்துப் பிரித்து மூன்று தட்டிலும் போட்டுவிடுவார்கள். போன வருடம் கீழ்த்தட்டில் இலத்தீன் இலக்கணம் ஒன்று கிடைத்தது, உள்ளட்டையில் மையில் ஒரு பெயர், பக்கவாட்டில் பென்சிலில் ஆசிரியரோடு சண்டை, பொடி எழுத்தில், 'இல்லை', 'எங்கே சான்று', 'மறுபடியும் தவறு'. அந்தக் கையெழுத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே தேடினேன். காமெடித் தட்டில் 'யெஸ் மினிஸ்டர்' பெட்டி, உள்ளே எந்தப் பகுதி எந்த டிவிடியில் என்று அதே பென்சிலில் ஒரு சீட்டு. அப்புறம் மேல்தட்டில், தடியான கவுன்டி கிரிக்கெட் நினைவுக்குறிப்பு ஒன்று. ஆட்டக்காரர் தான் 60 ஓட்டம் எடுத்ததாகப் பெருமையாக எழுதியிருந்த இடத்தில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் '43. நான் அங்கே இருந்தேன்' என்று எழுதியிருந்தது.

மூன்றும் சேர்த்து ஐந்து பவுண்டு.